கழற்றி வைத்த பல்பு

கண்ணாடிக்கடைக்காரருடைய இதயம், அவர் உடம்பில் காட்ட வேண்டிய கோளாறை அவருடைய காரில் காட்டத் தொடங்கியது அந்த வருடம் மழை விட்ட வாரத்தில். உடம்பில் ஒன்றுமில்லை. மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு வலிக்கவில்லை, படியேறினால் வியர்க்கக்கூட இல்லை. காரில்தான் இன்ஜின் பக்கமிருந்து டிக் டிக்கென்று ஒரு சத்தம் வந்தது. சத்தம் கொஞ்சம் நீடித்தால் டேஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக எரியும். அவர் குனிந்து பார்ப்பதற்குள் அணைந்துவிடும். இதயம் ஏன் அப்படிச் செய்தது என்று பிற்பாடு ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர் மனைவி சொன்னதுதான் பொருந்துகிறது: அந்த மனுஷனுக்கு எதையாவது புரியவைக்க வேண்டுமென்றால் வண்டி மூலமாகத்தான் சொல்ல முடியும்.

அதில் பொய்யில்லை. காய்ச்சல் வந்தால் வெந்நீரைக் குடித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் அவர். கண்ணாடி கையைக் கிழித்தால் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு மீதியை வெட்டி முடிப்பார். ஆனால் வண்டியில் லேசாக ஒரு கிறீச் கேட்டால் போதும், சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஒர்க்ஷாப்புக்குக் கிளம்பிவிடுவார். ஒர்க்ஷாப் மனைவியின் தம்பியுடையது. அவனை எல்லோரும் காது என்றுதான் கூப்பிட்டார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். கேட்டு முடித்ததும் எந்த வால்வு, எந்த பேரிங் என்று விரலை நீட்டுவான். அந்த விரல் தப்பியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அவனுக்கும் அதில் தலைக்கனம் உண்டு.

"வால்வைத் தட்டுற டேப்பட்டா இருக்கும் மாமா, விட்டுட்டுப் போங்க" என்றான் முதல் தடவை. அவர் விட்டுவிட்டுப் போய் வீட்டில் ஒரு குட்டித் தூக்கம் போட்டார். அவர் தூங்கும்போது இதயம் ஒழுங்காக அடித்தது. ஆகவே இன்ஜினும் ஒழுங்காக ஓடியது. காது ஆயிலை மாற்றினான், டேப்பட்டைச் சரிசெய்தான், விளக்குக்குப் போகும் பிரஷர் சுவிட்சைப் புதிதாகப் போட்டான், பெல்ட்டையும் மாற்றிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அவர் சிரித்த முகத்தோடு வண்டியை எடுத்துப் போவார். ஒரு வாரம் கழித்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வருவார். நாலு பேர் வேலை செய்கிற இடத்தில், "மாப்ளே, காதுல அழுக்கு கிழுக்கு இருக்கா பாரு" என்று ஒரு நாள் கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். காது சிரிக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு மதிய வேளையில், சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருக்க, பேட்டரி கழற்றித் தரையில் வைத்திருக்க, அந்த இன்ஜின் தானாக டிக் டிக்கென்று அடித்தது. சிவப்பு விளக்கும் எரிந்தது. காது ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் கேட்டான். இரும்பு இரும்போடு மோதுகிற சத்தம் அது இல்லை. இரண்டு அடி, ஒரு இடைவெளி, பிறகு விட்டதைப் பிடிக்க ஓடுவதுபோல அவசரமாக ஓர் அடி. அதே நேரத்தில் கண்ணாடிக்கடைக்காரர் ஒரு துணிக்கடையின் மாடிப்படியில் ஆளுயரக் கண்ணாடியைத் தோளில் தாங்கி ஏறிக்கொண்டிருந்தார். இது காதுக்குத் தெரியாது. பேட்டரி இல்லாமல் விளக்கு எரிந்ததென்று வெளியில் சொன்னால், காதோடு மூளையும் போய்விட்டது என்பார்கள். அதனால் அவன் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்காமல் அவன் செய்த காரியத்தை, தொழில் தெரிந்த மெக்கானிக்கைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. டேஷ்போர்டைப் பிரித்து ஆயில் விளக்கின் பல்பைப் பிடுங்கி, பழைய வாஷர் கிடக்கும் தகர டப்பாவில் போட்டான். பானெட்டின் உட்புறம் முழுக்கக் கனமான கம்பளித் துணியை ஒட்டினான். "சரியாயிடுச்சு மாமா. உள்ள சின்ன அடைப்பு" என்றான். மாமா வண்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஓட்டிப் போனார். எச்சரித்துக்கொண்டிருந்த ஒரே வாயையும் இப்படி அடைத்தாகிவிட்டது. கம்பளிக்கு அடியில் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் வழக்கத்தைவிடப் பெரிய ஆர்டர்களாகப் பிடித்தார்.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் ஒரு முடிதிருத்தும் கடைக்குச் சுவர்க்கண்ணாடி மாட்ட வேண்டியிருந்தது. மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர்; அன்று விடுமுறை என்பதால் பின்சீட்டில் உட்கார்ந்து, போர்வை சுற்றிய கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கார் மேம்பாலத்தில் ஏறியபோது, ஒர்க்ஷாப்பில் அந்தத் தகர டப்பா சிவந்தது. வாஷர்களுக்கு நடுவே பல்பு எரிந்தது. இந்த முறை ஒரேயடியாக அணையவில்லை, விட்டுவிட்டு எரிந்தது. காது அதை எடுத்துப் பார்த்தான். சூடாக இருந்தது. மாமாவுக்குப் போன் அடித்தான். வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொடமாட்டார். அக்காவுக்கு அடித்தான்.

"அக்கா, வண்டியில சத்தம் வருதா?"

"நீதானடா சரி பண்ணிக் குடுத்த."

"சரி பண்ணலக்கா. விளக்கக் கழட்டிட்டேன். அது இப்ப என் கையில எரியுது."

அவள் எப்படியென்று கேட்கவில்லை. முன்னால் எட்டிக் கணவரின் பிடரியைப் பார்த்தாள். சட்டைக் காலர் நனைந்திருந்தது. ஓடி முடித்த பிள்ளைகளுக்கு நாடி பார்த்துப் பழகிய இரண்டு விரலை அவருடைய இடது மணிக்கட்டில் வைத்தாள்.

"வண்டி ஓட்டுறப்ப கையப் பிடிக்காத" என்றார் அவர்.

"சும்மா இருங்க. டேய், எப்படி எரியுதுன்னு சொல்லு."

"எரியுது. எரியுது. அணைஞ்சிருக்கு. இன்னும் அணைஞ்சிருக்கு. எரியுது."

அவன் எரியுது என்று சொன்னபோதெல்லாம் அவள் விரலுக்கடியில் ஓர் அடி விழுந்தது. அணைந்தது என்றபோது அங்கே ஒன்றுமில்லை. இருபுறமும் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால் அவர் பாலத்தைத் தாண்டும்வரை வாதாடுவார் என்பது அவளுக்குத் தெரியும். குரலை உயர்த்தாமல், "இன்ஜின் போயிடும்ங்க. ஓரங்கட்டுங்க" என்றாள். அவர் உடனே ஓரங்கட்டினார்.

அவரைப் பக்கத்துச் சீட்டுக்குத் தள்ளிவிட்டு அவள் ஓட்டினாள். போனை முன்னால் சாய்த்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி போகும் வழி முழுக்க அவள் தம்பி எரியுது, எரியுது என்று சொல்லிக்கொண்டே வந்தான். சிக்னலில் சொன்னான், ஹாரன்களுக்கு நடுவிலும் சொன்னான். மார்க்கெட் திருப்பத்தில் அவன் குரல் நின்றது.

"சொல்லுடா."

"அணைஞ்சிருக்குக்கா."

அவரது தலை கதவில் சாய்ந்தது. அவள் ஆக்சிலரேட்டரை மிதித்தாள். அங்கே காதுக்கு உலகமே இருண்டுவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், சந்தேகமான பல்பை எப்போதும் செய்வதுபோல, நகத்தால் ஒரு சுண்டு சுண்டினான். எரியவில்லை. இன்னொரு சுண்டு சுண்டினான். பல்பு எரிந்தது. காரில் கண்ணாடிக்கடைக்காரர் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்து, "என்ன, இன்ஜின் நின்னுடுச்சா?" என்று கேட்டார். அதற்குள் ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது.

நெஞ்சில் தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவி வைத்தார்கள். கோளாறு எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டதற்கு, மழை விட்ட வாரத்தில், காரில் என்றாள் மனைவி. டாக்டர் தலையாட்டிக்கொண்டார். காது வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அக்கா வந்து தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். பிறகு தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பல்பைத் திரும்ப டேஷ்போர்டில் மாட்டிவிடுவதாக அவன் சொன்னபோது அவள் கையை நீட்டினாள். "அங்க இருந்தா அவருக்குத்தான் தெரியும். எனக்குல்ல தெரியணும்."

கம்பளியைக் கிழித்தெறிந்த பிறகும் காரில் சத்தம் வரவில்லை. பல்பு இப்போது டீச்சரின் விசில் கயிற்றில் தொங்குகிறது. கனமானது எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கண்ணாடிக்கடைக்காரர் கேட்டாரா என்றால், அவராவது கேட்பதாவது. மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகள்தான் பல்பு சிவப்பதை முதலில் பார்ப்பார்கள். "டீச்சர், சார் எதையோ தூக்குறாரு" என்பார்கள். அவள் போனை எடுத்து, "கீழ வைங்க" என்பாள். அந்தப் பக்கம் கண்ணாடியைத் தரையில் மெல்ல ஊன்றுகிற சத்தம் கேட்கும். சிவப்பு மங்கி அணையும்வரை காத்திருந்துவிட்டு, அவள் விசிலை எடுத்து ஊதுவாள். பிள்ளைகள் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்குவார்கள்.