கையெழுத்துக்கான கோடு

படிவம் செருகிய அட்டையைக் கரீன், கட்டிலில் சாய்ந்திருந்த அப்பாவின் மார்புக்கு நேராகத் தாங்கிப் பிடித்தாள். அவர் கையைத் தொடக் கூடாது. படிவத்தில் தெளிவாக இருந்தது: அவரே, தன் கையால், சாட்சி முன்னிலையில்.

சாட்சி மொரேல்ஸ். அமெரிக்காவின் டகோமா துறைமுகத்தில் அப்பாவோடு பத்தொன்பது வருடம் ஒரே ரோந்து வண்டியில் சுற்றியவர். நனைந்த யூனிஃபார்மோடு கட்டிலருகே நின்றார்.

“சீக்கிரம் போடுடா வெண்டல். நீ ரிப்போர்ட் எழுதற வேகத்துக்குக் கப்பலே கிளம்பிப் போயிடும்.”

அப்பாவின் உதடு ஒரு பக்கம் அசைந்தது.

துப்பாக்கியோடு துறைமுகத்தைக் காத்தவர்களை ஓய்வூதியச் சட்டம் இத்தனை நாளும் ஆபீஸ் குமாஸ்தாக்களோடு சேர்த்து வைத்திருந்தது. இந்த மாதம்தான் அவர்களும் போலீஸ் ஆனார்கள். கையெழுத்துப் போட்டால் அவருக்குப் பின் அம்மாவுக்குப் போலீஸ் ஓய்வூதியம் மாதாமாதம் வரும், வீடு கைவிட்டுப் போகாது. இல்லாவிட்டால் இல்லை.

பேனா கீறியது. நின்றது. அப்பாவின் தலை சரிந்தது.

மொரேல்ஸ் அவர் கழுத்தில் இரண்டு விரல் வைத்தார். வெகுநேரம் கழித்துத்தான் எடுத்தார். தொப்பியைக் கழற்றினார்.

கரீன் தாளைப் பார்த்தாள். கோட்டின் மேல் பெயர் இல்லை. 417. இருபத்தாறு வருடம் ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் அவர் போட்ட பேட்ஜ் எண்.

“அங்கிள், இது செல்லுமா?”

“செல்லாதும்மா. பேருதான் கேக்கறாங்க. பாத்துக்கிட்டேதான் நின்னேன். நாங்க எல்லாருமே அப்படித்தான போடுவோம்... எனக்கும் தோணலை.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மழை விடுதான்னு பாக்கறேன். கொஞ்ச நேரம் பாப்பேன்.”

கரீன் அப்பாவின் விரல்களிலிருந்து பேனாவை உருவினாள். அவர் கையெழுத்து அவளுக்கு அத்துப்படி. பள்ளி ரிப்போர்ட் கார்டுகளில் திருட்டுத்தனமாகப் போட்டுப் பழகியது. முதலில் எண்ணை அடிக்க வேண்டும். முனையை நான்கின் மேல் வைத்தாள்.

அம்மா காபியோடு உள்ளே வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். கோப்பையை வைக்க இடம் தேடி, மொரேல்ஸ் கையில் கொடுத்தாள்.

“போட்டாரா?”

கரீன் தாளை அவள் பக்கம் திருப்பினாள். அம்மா அட்டையை வாங்கி, அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தாள்.

“அவரேதான்,” என்றாள். “ஏழுக்கு நடுவுல இப்படிக் கோடு இழுக்கறது அவரு மட்டும்தான்.”

தாளை முகத்தருகே உயர்த்தி, மை கலைந்துவிடாதபடி மெல்ல ஊதினாள்.

கரீன் பேனாவுக்கு மூடியைப் போட்டாள்.