என் கை, ப்ரைஸின் சிரிப்பு

…அது என் கை, திரை முழுக்க என் கைதான், கட்டைவிரலில் முள்கம்பி கிழித்த தழும்போடு, தண்ணீர் சொட்டும் மீனை வயிற்றுக்கடியில் தாங்கிக்கொண்டு, ஆனால் அடுத்த கணமே அங்கே இந்த மீன்பிடிப் படத்தின் நாயகன் ப்ரைஸின் முகம் வருகிறது, பல்லெல்லாம் தெரிய அவன் சிரிக்கிறான், என் மணிக்கட்டுக்கு மேல் அவன் தாடியை ஒட்டவைத்த மாதிரி. அரங்கமே எழுந்து நின்று விசிலடிக்கிறது, என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஊர்க்காரர்கள், அவனுக்காக. பின்வரிசையில் மாட்டுப்பண்ணைக்கார கஸ், "என்னய்யா இது, ப்ரைஸுக்குப் பாத்திரம் தேய்க்கிற கை!" என்கிறார், அவரைச் சுற்றியிருப்பவர்கள் குலுங்கிச் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், போன கோடையில் உங்கள் படகு பாறையில் சிக்கி நின்றபோது உங்களைக் காலரைப் பிடித்துத் தூக்கியதும் இந்தக் கைதான். பக்கத்தில் வெண்டல் அசையாமல் இருக்கிறான். என் புருஷன், இந்தப் படத்தை வெட்டி ஒட்டிய எடிட்டர். குளிர்காலம் பூராவும் நிலவறையில் இதன் முன்னால்தான் கிடந்தான், நான் சூப் எடுத்துக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டாலே படத்தை நிறுத்திவிடுவான், "பெரிய திரையில பாரு மார்லா, இப்பவே பாத்தா ருசி போயிடும்" என்பான்… ருசியாம்! எந்தத் தைரியத்தில் என்னை இந்த நாற்காலியில் கூட்டிவந்து உட்காரவைத்தான்?

பிடித்தது நான். மேடிசன் ஆற்றின் அந்த வளைவில், ஆகஸ்ட் கடைசியில், படப்பிடிப்பின் கடைசிச் சாயங்காலம். ப்ரைஸ் அதுவரை ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை, பாவம், கேமராவுக்கு முன்னால் தூண்டில் கோலை அழகாக வீசுவான், கயிறு வானத்தில் வளையம் வளையமாகச் சுழலும், இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சி மட்டும் தண்ணீரில் கல் மாதிரி விழும், இந்த ஆற்று மீன் அதற்கெல்லாம் ஏமாறுமா? என்னை வைத்திருந்தது படகு தள்ளவும் வழி காட்டவும். அவன் வண்டிக்குள் போய் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான், கோல் கரையில் கிடந்தது, எடுத்தேன், வீசினேன், யாருக்காகவும் இல்லை, சும்மா. பூச்சி பாறையோரம் மெல்ல உட்கார்ந்தது, தண்ணீர் ஒருமுறை வாய் திறந்து மூடியது, அவ்வளவுதான், அதற்குப் பிறகு நானும் அந்த ப்ரவுன் ட்ரௌட் மீனும் மட்டும். இயக்குநர் லேத்தம் கேமராவைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் ஓடிவந்தது தெரியும், கரையில் ஒலிப்பதிவும் பார்த்துக்கொண்டிருந்த வெண்டல் காதில் ஒலிக்கருவியோடு நின்றதும் தெரியும்… தெரியுமா? இல்லை, பிறகு யோசித்ததில் தெரிந்ததா?

விளக்கு எரிந்ததும் வெண்டலைத் தாண்டிக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனேன். லேத்தம் பீர் கோப்பையோடு நின்று யாருக்கோ கை கொடுத்துக்கொண்டிருந்தான். இவன்தான், வேறு யார், தூண்டில் கம்பெனிக்காரன் காசு கொடுக்கிறான், அவனுக்கு ப்ரைஸின் தாடி வேண்டும், ஆற்றங்கரைப் பெண்பிள்ளையின் மூஞ்சி எதற்கு என்றிருப்பான். "ஏன்டா, என் மீன அவனுக்குத் தூக்கிக் குடுக்க உனக்கு வெக்கமா இல்ல?" என்றேன், சத்தமாகத்தான், நாலைந்து பேர் திரும்பினார்கள். அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "நானா? மார்லா, உன் ஷாட்ட வெச்சுத்தான் படமே முடியணும்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கம்பெனிக்காரன்கூட சரின்னுட்டான். வெண்டல்தான் ஒட்டவே ஒட்டாதுன்னு ஒத்தக் கால்ல நின்னான். நீதான் வேணாம்னு சொல்லியிருப்பியோன்னு நெனச்சேன்… உங்கிட்ட அவன் கேக்கலையா?" அவன் மேல் எறிய வைத்திருந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு எங்கே போவது, வண்டிக்குத்தான்.

வெண்டல் வண்டியைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தான். வெளியே நல்ல வெயில், மார்ச் மாதத்துப் பனி சாலையோரம் அழுக்காகக் கரைந்துகொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் சிரித்துக்கொண்டே அவரவர் வண்டிக்குப் போகிறார்கள், எனக்கு வண்டியின் கண்ணாடியை உடைக்கவேண்டும் போலிருந்தது. கதவை அறைந்து சாத்தினேன். "நீதானாமே?" "ஆமா." இவ்வளவு சுலபமாகச் சொல்கிறானே… "ஏன்?" வண்டியை ஓட்டினான், பெட்ரோல் நிலையம் போயிற்று, தேவாலயம் போயிற்று. "வாயத் தெற வெண்டல், இல்லன்னா நான் இங்கயே குதிச்சிடுவேன்." பிறகுதான் பேசினான், என்னைப் பார்க்காமல். "மீன் மாட்டுனப்ப உனக்கு இருந்த அந்த முகத்த நீ எங்கிட்ட ஒரு நாளும் காட்டுனதில்ல மார்லா. ஒரு தடவகூட. தெனமும் கீழ உக்காந்து அதையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். ஊரு பூரா உக்காந்து பாக்கும், நானும் நடுவுல உக்காந்திருக்கணும்… என்னால முடியலடி." "அது என் முகம்டா! என் மீன், என் முகம்! நீ யாருடா அத வெட்டறதுக்கு?" "தெரியும்," என்றான், "தப்புதான்." மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை, தப்பு என்றான், தபால்பெட்டி சாய்ந்திருக்கிறது என்பது போல.

பொய். பச்சைப் பொய். தான் செய்த அயோக்கியத்தனத்துக்குப் பழியை என் மூஞ்சி மேல் போடுகிறான், ஒரு மீனுக்குக் காட்டிய முகத்தைப் புருஷனுக்குக் காட்டாதவளா நான்? இதோ இப்போதே ஒன்றைச் சொல்லி அவன் வாயை அடைக்கிறேன் பார். கல்யாணத்தன்று… இல்லை, கல்யாணத்தன்று செருப்பு கடித்தது, அவன் அம்மா வேறு அழுதுகொண்டிருந்தாள். வீடு வாங்கிய நாள்? அன்று கூரை ஒழுகியது, சண்டைபோட்டோம். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தானே, அந்தக் காலை, வாசலில் நின்றேனே, அப்போது எப்படியிருந்தது என் முகம், சந்தோஷமாகத்தானே இருந்தேன், இருந்தேனா, களைத்துப் போயிருந்தேன்… இன்னும் இருக்கும், இல்லாமலா போகும், இத்தனை வருஷத்தில் ஒன்றே ஒன்று, "அன்னிக்கு?" என்று அவன் முகத்தில் வீசியடிக்க ஒன்று. வாயைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருந்தேன். பாலம் வந்தது, கீழே ஆறு, வண்டி பாலத்தைக் கடந்தும்விட்டது, நான் இன்னும் தேடிக்கொண்டிருந்தேன்.