முப்பத்தைந்து பாக்கி

தெருவில் அவளுக்குக் காமிரா வீட்டம்மா என்று பெயர். பெயருக்குத்தான் காமிரா வீடு. அவளுடைய படம் ஒன்றுகூட அந்த வீட்டில் கிடையாது. சுவர் கொள்ளாமல் தொங்கியதெல்லாம் யார் யாரோ பண்ணிக்கொண்ட கல்யாணமும் யார் யாரோ பெற்ற பிள்ளைகளும்தான். கணவர் பழைய சாமான் கடைகளில் பொறுக்கி வந்தவை. அலமாரிகளில் நூற்றுப் பன்னிரண்டு பழைய காமிராக்கள். அவற்றால் அவர் படம் எடுத்ததில்லை, துடைப்பதோடு சரி.

கல்யாணத்தன்று மட்டும், அப்போது கையில் இருந்த ஒரே காமிராவால், அவளை ஒரே ஒரு படம் எடுத்தார். மறுநாள் படம் எங்கே என்று கேட்டாள்.

"ரோலுக்கு முப்பத்தாறு படம். இன்னும் முப்பத்தஞ்சு பாக்கி. முடியட்டும், கழுவிடலாம்" என்றார்.

மகள் பிறந்தபோது கேட்டாள். முப்பத்தைந்து பாக்கி. மகளுக்குக் கல்யாணமானபோதும் அதே முப்பத்தைந்து. ரோலை வீணாக்கக் கூடாதாம், நல்ல சந்தர்ப்பம் வர வேண்டுமாம். அவளும் லேசுப்பட்டவளல்ல. அந்தப் படம் கைக்கு வராமல் வேறெந்தப் படத்துக்கும் நிற்க மாட்டேன் என்று நாற்பத்தொரு வருடம் ஒரே பிடியாக நின்றாள். மகளின் கல்யாண ஆல்பத்தில் அவள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தூண் நிற்கிறது.

இப்போது மகளின் சின்ன வீட்டுக்குக் குடிபோகிறார்கள். சாமான் கொள்ளாது, எல்லாம் ஏலத்துக்கு வந்துவிட்டது. கல்யாணத்தன்று படமெடுத்த காமிராவைப் பற்றிப் பட்டியல் எழுதியவரிடம் அவளே பெருமையாகச் சொல்லி எழுத வைத்தாள்: 'எண் 112. உள்ளே கழுவாத பிலிம், ஒரு படம் எடுத்தது.' பட்டியலில் ஏறிவிட்டால் பிலிமும் காமிராவோடு போகும், வீட்டார் ஏலம் கேட்கவும் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தனக்காக ஏலம் கேட்கத் தம்பியைக் கெஞ்சிக் கூட்டிவந்து மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தாள்.

தம்பி கையைத் தூக்கினால், எதிர் வரிசையில் ஒரு பல் டாக்டர் இரண்டு கையையும் தூக்கினார். கழுவாத பிலிம் என்றால் அவருக்கு உயிராம்.

"உள்ள பிலிம் இருக்குன்னு என்ன நிச்சயம்?" என்று அவரே கேட்டார்.

"இந்தக் கூடத்துல திறந்து காட்டாம எதையும் வித்ததில்ல" என்று ஏலக்காரர் காமிராவின் முதுகு மூடியில் கட்டைவிரலை வைத்தார்.

"ஐயோ, வெளிச்சம்!" என்று கூடமே அலறியது. வந்திருந்த நாற்பது பேரும் காமிராப் பைத்தியங்கள். வெளிச்சம் பட்டால் பிலிம் போச்சு என்பது அவர்களுக்குத் தெரியும். திரைகள் விழுந்தன, விளக்குகள் அணைந்தன. கதவிடுக்கில் ஒருவர் கோட்டைக் கழற்றித் திணித்தார். கும்மிருட்டு.

'டக்'கென்று மூடி திறந்தது.

"ஒண்ணும் தட்டுப்படலயே" என்றது ஏலக்காரரின் குரல்.

"நல்லா விரலை விட்டுப் பாருங்க" என்றார் பல் டாக்டர்.

"இருக்காது" என்றது இன்னொரு குரல். அவள் கணவர். "அன்னிக்கு நான் பிலிம் போட மறந்துட்டேன்."

"எப்பங்க தெரிஞ்சுது?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"அன்னிக்குச் சாயங்காலமே."

"ஏன் சொல்லல?"

"நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"விளக்கைப் போடலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வேண்டாம்" என்றார் அவர்.

"போடுங்க" என்றாள் அவள்.

விளக்குகள் எரிந்தன. அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தி அந்தப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறாள் என்றல்லவா இத்தனை காலமும் நம்பியிருந்தாள்!

"நாப்பத்தொரு வருஷமா காலியா? அப்ப நான் ரெட்டை விலை தர்றேன்!" என்று பல் டாக்டர் எழுந்தார்.

"உட்காருங்க. பட்டியல்ல பிலிம்னு இருக்கு. பிலிம் இல்ல. பட்டியல் தப்புன்னா பொருள் வீட்டுக்குப் போகணும், அதுதான் சட்டம்" என்றார் ஏலக்காரர். டாக்டர் தன் பல்லையே பிடுங்கிவிட்டதுபோல உட்கார்ந்தார்.

அவள் விறுவிறுவென்று மேடை ஏறினாள். "யார்கிட்டயாவது ரோல் இருக்கா?"

நாற்பது கைகள் நாற்பது பைகளுக்குள் போயின. ஒன்றை வாங்கிக் கணவரிடம் நீட்டினாள். "போடுங்க. என் கண்ணு முன்னாடி போடுங்க."

அவர் பிலிமைப் போட்டார். அவள் எதிரே போய் நின்றாள். எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் கூடிக்கொண்டார்கள்.

"கொஞ்சம் சிரியேன்."

"அன்னிக்குச் சிரிச்சது போதும். எடுங்க."

"ஒரு தரம், ரெண்டு தரம்..." என்று பழக்க தோஷத்தில் ஏலக்காரர் முணுமுணுத்தார். காமிரா 'க்ளிக்' என்றது. கூடம் கைதட்டியது.

அவள் மட்டும் கைதட்டவில்லை. காமிராவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரேலென்று வட்டமாக, பளபளப்பே இல்லாமல் இருந்தது. கல்யாணத்தன்றும் இதே கறுப்பு வட்டத்தைப் பார்த்துத்தான் வெட்கப்பட்டுச் சிரித்தாள். காமிராவின் கண் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவர் பிலிம் போட்டிருந்தாலும் ஒன்றும் விழுந்திருக்காது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கிட்டே போய் லென்ஸ் மூடியைக் கழற்றி, திரும்ப அவர் கையில் கொடுக்காமல் தன் உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"முப்பத்தஞ்சு பாக்கி" என்றாள். "ஒண்ணு விடாம எடுங்க."