தமிழில் திறந்த கேள்விப் பெட்டி

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக் கடையின் மாடியில் முன்ஸிப் நடத்தும் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நிரஞ்சலா வேலை செய்கிறாள். தெமோதரையில் ஒரு தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். சென்ற வருடம் நகரத்துத் தனியார் கண் சிகிச்சை நிலையம் ஒன்றின் வேலை அவள் கைக்கு வந்தது.

அங்கே கண்ணின் உட்புறத்தைப் படம் பிடிப்பதற்கு முன் கை நரம்பில் மஞ்சள் மருந்தொன்றை ஏற்றுவார்கள். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. அதனால் முதலில் கணினித் திரையில் கேள்விப் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். நோயாளி பதில் சொன்ன பிறகுதான் மருந்து. பெட்டிகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தன. தோட்டத்து ஆட்கள் வந்தால் உதவியாளர் யாராவது அவசரமாக மொழிபெயர்த்துச் சொல்வார். அவர்களும் பாதி புரிந்தும் புரியாமலும் தலையாட்டுவார்கள். அப்படித் தலையாட்டிய ஹாலிஎலப் பக்கத்து மனிதர் ஒருவர் மருந்து ஏறிய கையோடு மயங்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். அந்த நிலையத்தை நடத்தும் டொக்டர் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அன்றைக்கே முன்ஸிப்பை அழைத்து, தமிழிலும் பெட்டிகள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"தமிழ்ப் பெட்டி எல்லாத்தையும் தனியா ஒரு டிஎல்எல் கோப்புல வைங்க. மென்பொருள் தேவைப்படுறப்ப அதுல இருந்து எடுத்துக்கட்டும். படம் எடுக்குற பகுதியில மட்டும் கை வைக்க வேணாம்" என்றார் முன்ஸிப்.

நிரஞ்சலா பெட்டிகளை வரைந்தாள். கோப்பைத் தயாரித்தாள். 'தமிழ்' என்ற பட்டனை அழுத்தினாள். எதுவும் திறக்கவில்லை. பிழைச் செய்திகூட வரவில்லை.

பெட்டியைத் தேட வேண்டிய இடத்தைத் தவறாகக் கொடுத்திருந்தாள். டிஎல்எல்லில் இருக்கும் பெட்டியை மென்பொருள் தன்னுள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. அதைத் திருத்தினாள். ஒரேயொரு பட்டன் வைத்த சோதனைப் பெட்டி உடனே திறந்தது. ஆனால் கேள்விப் பெட்டி திறக்க மறுத்தது. ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டியும் காரணம் பிடிபடவில்லை.

"அந்த மென்பொருளை எழுதினது ஸஜீதா, முன்னாடி இங்க இருந்தவங்க. கல்யாணத்துக்குப் பொறகு வேலையை விட்டுட்டாங்க. பண்டாரவளையில புருஷன் பஸீலோட புடவைக் கடை பார்க்குறாங்க. கேட்டுப் பாருங்களேன்" என்று முன்ஸிப் எண்ணைக் கொடுத்தார்.

முன்பின் தெரியாதவரை எப்படித் தொந்தரவு செய்வது என்று தயங்கித்தான் நிரஞ்சலா அழைத்தாள். ஸஜீதா பாதியிலேயே நிறுத்தினார்.

"ஃபோன்ல சொன்னா வெளங்காது. லெப்டொப்பை எடுத்துட்டுக் கடைக்கு வாங்க."

மறுநாள் துணி வெட்டும் மேசையில் ஒரு மூலையை ஒதுக்கி லெப்டொப்பை வைத்தார்கள். ஸஜீதா முப்பதைத் தாண்டாதவர். யாருக்கோ சட்டைத் துணி அளந்துகொண்டே கேட்டார்.

"பெட்டிக்குள்ள என்னென்ன வெச்சிருக்கீங்க?"

"ரெண்டு பட்டன். அப்புறம் கேள்வியைப் பெரிய எழுத்துல காட்ட நீங்க எழுதுன எழுத்துப் பலகை. கண்ணு சரியில்லாதவங்கதானே வாசிக்கப் போறாங்க, அதான் போட்டேன்."

"அதோட புரோகிராம் கோட் எங்க இருக்கு?"

"அதையும் இதே டிஎல்எல்லுக்குள்ள சேர்த்துட்டேன்."

ஸஜீதா துணியை மடித்துக் கொடுத்துவிட்டு வந்து திரையைப் பார்த்தார். கோப்பைத் திறக்கும் வரியில் விரலை வைத்தார்.

"வெறும் தரவாத்தான் திறந்திருக்கீங்க."

"பெட்டிகளை எடுக்க அது போதும்னு நெனச்சேன் அக்கா."

"பெட்டிக்குப் போதும். ஆனா இப்படித் திறந்தா உள்ள இருக்குற கோட் ஓடாது. அது ஓடினாத்தான் இப்படியொரு எழுத்துப் பலகை இருக்குன்னு விண்டோஸுக்குத் தெரியும். உள்ள இருக்குறதுல ஒண்ணு தெரியலைன்னாலும் அது முழுப் பெட்டியையும் திறக்காது. ஏன்னும் சொல்லாது."

நிரஞ்சலா அந்த வரியை மாற்றி, கோப்பைச் சாதாரணமாகத் திறக்கும்படி செய்தாள். பட்டனை அழுத்தினாள். சேலை மடிப்புகளுக்கு நடுவே, திரை நிறையத் தமிழ் எழுத்துகளோடு கேள்விப் பெட்டி திறந்தது. அவளுக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது.

"இதுக்குப் போய் அழுவாங்களா? நானும் ஒரு தடவை இதே இடத்துல மாட்டித் தவிச்சிருக்கேன்" என்று ஸஜீதா அவள் தோளைத் தட்டி, தேநீர் வரவழைத்தார்.

சில நாட்களில் நிரஞ்சலா சிகிச்சை நிலையத்தின் கணினியில் கோப்பை நிறுவிவிட்டு, எப்படிப் போகிறது என்று பார்க்க அங்கேயே இருந்தாள். முதலில் வந்தவர் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த வேலாயி. சர்க்கரை நோயால் பார்வை மங்கியிருந்தது. ஆனால் பெரிய எழுத்தை அவரால் கூட்டி வாசிக்க முடிந்தது.

"உங்களுக்கு... மருந்து... ஒவ்... வா... மை உண்டா?" வேலாயி நிமிர்ந்தார். "அப்படின்னா என்னங்க?"

"இல்லைன்னு அமத்துங்கம்மா, அடுத்தது வரும்" என்றார் அவசரத்தில் இருந்த உதவியாளர். வேலாயியின் விரல் 'இல்லை' பட்டனை நோக்கிப் போனது.

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றாள் நிரஞ்சலா.

'ஒவ்வாமை' என்பது தமிழ்க் கேள்விகளை எழுதித் தந்த மொழிபெயர்ப்பாளரின் சொல். தன் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரும் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. டொக்டர் அம்மாவிடம் சிங்களத்தில் விஷயத்தைச் சொல்லி, அனுமதி வாங்கிக்கொண்டு லெப்டொப்பைத் திறந்தாள். மென்பொருளைத் தொடாமல் கேள்வியை மட்டும் மாற்றி, புதிய டிஎல்எல் கோப்பைப் பழையதன் இடத்தில் வைத்தாள். வேலாயி மறுபடியும் வாசித்தார். இந்த முறை தடுமாறவில்லை.

"எப்பவாவது ஊசி போட்டு உடம்பு தடிச்சிருக்கா? மூச்சு முட்டியிருக்கா?"

வேலாயி பட்டனைத் தொடாமல் நிரஞ்சலாவின் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க. ரெண்டாவது மக பொறந்தப்போ. ஊசி போட்டதும் தொண்டை அடைச்சு, ஒடம்பெல்லாம் வீங்கிப் போச்சு. பொழைக்க மாட்டேன்னுதான் சொன்னாங்க. இதைத்தான் கேக்குறீங்களா?"

நிரஞ்சலா அதை அப்படியே சிங்களத்தில் சொன்னாள். டொக்டர் அம்மா தயாராக இருந்த மஞ்சள் மருந்தை ஓரமாக வைத்துவிட்டார். ஊசி இல்லாமல் படம் எடுக்கும் வேறு கருவியில் வேலாயியின் கண்களைச் சோதித்தார். நோய் இன்னும் முற்றவில்லை, சிகிச்சையால் மிச்சப் பார்வையைக் காப்பாற்றலாம் என்றார். போகும் முன் வேலாயி நிரஞ்சலாவிடம் வந்து இரண்டு கைகளையும் கூப்பினார். நிரஞ்சலாவும் அவசரமாகக் கும்பிட்டாள்.

"இந்த மாதிரி யாரும் எங்கிட்ட நேராக் கேட்டதில்லம்மா. நல்லா இருக்கணும் நீங்க" என்றார் வேலாயி.

வெளியே படிக்கட்டில் நின்று நிரஞ்சலா ஸஜீதாவை அழைத்து நடந்ததையெல்லாம் சொன்னாள். மறுமுனையில் கடையின் இரைச்சல் பலமாகக் கேட்டது.

"அக்கா, கேக்குதா?"

"கேட்குது. வேலையை விட்டதோட எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சிருந்தேன் நிரஞ்சலா. அல்ஹம்துலில்லாஹ்." அடுத்த நொடியே கேட்டார். "மத்தக் கேள்வியையும் அந்த மொழிபெயர்ப்பாளர்தானே எழுதினாரு? எல்லாருக்கும் வெளங்குமான்னு பார்ப்போம், ஒண்ணொண்ணா வாசிங்க. கேட்குறேன்."

நிரஞ்சலா படிக்கட்டிலேயே உட்கார்ந்து, லெப்டொப்பை மடியில் வைத்து, முதல் கேள்வியை வாசிக்கத் தொடங்கினாள்.