நான்காவது ஆள் எங்கே

கிடங்கு சரிந்த செய்தியைத் தம்பிதான் போனில் வாங்கினான். அவன் முகம் வெளுத்ததைப் பார்த்ததுமே நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். குளிர்பதனக் கிடங்குகளில் இரும்பு அடுக்குகள் பொருத்துவது எங்கள் குடும்பத் தொழில். எங்கள் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்த கிடங்கில் ஒரு வரிசை சாய்ந்து அடுத்த வரிசைமேல் விழுந்திருந்தது. அது அடுத்ததைத் தள்ளியிருந்தது.

"எத்தனை பேர் உள்ள?"

"நாலு பேரைப் போட்டிருக்கோம்ணா. மாப்பிள்ளையும் அதுல ஒருத்தர்."

மாப்பிள்ளை என் ஒரே மகளின் கணவர்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிடங்கின் வாசலில் சிமெண்டுத் தூசி இன்னும் அடங்கவில்லை. உள்ளே நசுங்கிய வண்டி ஒன்றின் ஹாரன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்களில் இருவர் சிராய்ப்புகளோடு தாங்களாகவே வெளியே வந்திருந்தார்கள். மூன்றாமவரை நினைவில்லாமல் தூக்கி வந்தார்களாம். மாப்பிள்ளை அவரோடு கடைசி வரிசையில் நின்றார் என்பதற்கு மேல் அந்த இருவருக்கும் எதுவும் தெரியவில்லை. அதுவும் காலையில் பார்த்ததுதான்.

மீட்புப் படை அதிகாரி என்னிடம் நேராக வந்தார்.

"உள்ள இன்னும் ஆள் இருக்கா, இல்லையா? ஒரே பதில் சொல்லுங்க. மிச்ச அடுக்கு நிக்கிற லட்சணத்தைப் பாத்தீங்கல்ல? என் பசங்களைச் சும்மா உள்ள அனுப்ப முடியாது."

கிடங்கு மேலாளர் தன் கையிலிருந்த திரையைத் தூக்கிக் காட்டினார். அது எங்கள் சர்வரிலிருந்து அவருக்குப் போகும் திட்டம். அதில் நான்கு பெயர்கள் இருந்தன. "உங்க கணக்குப்படி நாலு பேரு சார்."

"இருங்க மாமா" என்றாள் என் மூத்த மருமகள். அந்த சர்வர் முழுவதும் அவள் பொறுப்பு. வேனின் முன்பக்கத்தில் மடிக்கணினியை வைத்துத் திறந்திருந்தாள். அவள் விரல் ஒரு வரியில் நின்றது. "இங்க வேற மாதிரி இருக்கு. நம்ம மாப்பிள்ளை இன்னைக்குப் பாதி நாளை பேங்க் வேலைக்கு மாத்தி எழுதியிருக்கார்."

புதிதாக வரும் ஒரு வங்கிக் கிளையின் பெட்டக அறையிலும் நாங்கள் அடுக்குகள் பொருத்திக்கொண்டிருந்தோம். எங்கள் சர்வரில் இரண்டு தரவுத்தளங்கள் உண்டு. ஆட்கள் தங்கள் வேலை நேரத்தை எழுதுவது ஒன்று. அதை நான் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் மருமகள் மற்றதை அதோடு ஒத்திசைப்பாள். வாடிக்கையாளர் பார்ப்பது அந்த இரண்டாவதைத்தான். என் கண்ணில் படாமல் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரக் கணக்குகூட வெளியே போகாது. தினமும் மாலையில்தான் பார்ப்பேன். மாப்பிள்ளையின் மாற்றம் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"அப்பாடா!" தம்பி மூச்சு விட்டான். "மாப்பிள்ளை பேங்குக்குப் போயிட்டார். அந்தப் பெட்டக அறை தரைக்குக் கீழ இருக்கு. சிக்னல் கிடைக்காது, அதான் போன் போகல."

நானும் அதை நம்பினேன். ஆனால் மருமகள் தலை நிமிரவில்லை.

"மாமா, இதுல எத்தனை மணி நேரம்னுதான் இருக்கு. முதல்ல இங்கயா அங்கயான்னு இல்ல."

"வேலை முடிச்சதும்தானே எழுதுவாங்க?"

அவள் தயங்கினாள். "எல்லாரும் காலையில வரும்போதே வேன்ல அன்னைக்கு முழு நாள் கணக்கையும் எழுதிடுவாங்க மாமா. அப்புறம் கையெல்லாம் கிரீஸ் ஆயிடும்ல."

அலுவலகத்தில் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது, என்னைத் தவிர. அப்படியென்றால் மாப்பிள்ளை எழுதியது செய்த வேலையை அல்ல, செய்ய நினைத்ததை.

அந்த வங்கிக் கிளை இன்னும் திறப்பு விழா காணவில்லை. அங்கே பேச யாருடைய எண்ணும் எங்களிடம் இல்லை. நேரில் பார்த்துச் சொல்ல ஓட்டுநரை அங்கே விரட்டினோம். கிடங்குக் காவலாளி மாப்பிள்ளை உள்ளே போனதைப் பார்த்திருந்தார். லாரி வாசல் வழியாக யார் வெளியே போனாலும் அவருக்குத் தெரியாது.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, டிவியில கிடங்கைக் காட்டுறாங்க. அவர் எங்கப்பா? போனே எடுக்கல."

"நான் இங்கதாம்மா இருக்கேன். அப்புறம் பேசறேன்." துண்டித்துவிட்டேன். அவள் பேச்சை நான் பாதியில் வெட்டியது அதுவே முதல் முறை.

தம்பி என் காதருகே வந்தான். "அண்ணா, நீங்க ஒப்புதல் போடுங்க. மருமக சின்க் பண்ணட்டும். ரெண்டு பக்கமும் மூணுன்னு வந்துடும். ஊரே பாக்குது. நம்ம ஆள் எங்கன்னு நமக்கே தெரியலன்னு நிக்கணுமா?"

அவன் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் திரையில் இருப்பதுதான் உண்மை என்று எத்தனையோ கூட்டங்களில் மார்தட்டியவன் நான். பொத்தானை அழுத்தினால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகும். மாப்பிள்ளை இருக்கும் இடம் அதனால் மாறாது.

அதிகாரியிடம் நடந்தேன்.

"சார், எங்க கணக்கு ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. அவர் வெளிய வந்தாரான்னு எனக்குத் தெரியாது. உள்ள இருக்கார்னு வெச்சுத் தேடுங்க."

மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதிகாரி பார்க்கவில்லை. "இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக் கையசைத்தார்.

இருவர் படுத்தபடி ஊர்ந்து உள்ளே போனார்கள். அவர்களில் மெலிந்தவன், போகுமுன் வாயிலிருந்த மிட்டாயைத் துப்பினான். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை வங்கியில் உட்கார்ந்து திருகு முடுக்கிக்கொண்டிருந்தால்? இந்தப் பையன் என் ஒரு சொல்லுக்காகத்தானே அந்த இரும்புக்கு அடியில் போகிறான்? எங்கோ ஓர் அடுக்கு முனகியது. எல்லாரும் ஒரே நேரத்தில் தலையைத் தாழ்த்தினோம்.

வங்கியிலிருந்து ஓட்டுநர் போனில் பேசினார். தம்பி கேட்டுக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டான்.

"பேங்க்ல இல்லையாம்ணா. இன்னைக்கு வரவே இல்லையாம்."

ஹாரன் சட்டென்று நின்றது. யாரோ அதன் கம்பியை வெட்டியிருக்க வேண்டும். மருமகள் என் சட்டைக் கையைப் பிடித்தாள். எங்கள் வீட்டில் அப்படி வழக்கமில்லை. நான் விலக்கவில்லை.

"ஆள் இருக்கு!" உள்ளிருந்து ஒரு குரல்.

அதிகாரி கத்தினார். "மூச்சு?"

என் வாயெல்லாம் தூசியின் ருசி.

"இருக்குங்க! கால்தான் மாட்டியிருக்கு!"

அட்டைப் பெட்டிகள் நடுவில் சிக்கி, விழுந்த அடுக்கைத் தரையோடு படியவிடாமல் தாங்கியிருந்தனவாம். அவரை வெளியே கொண்டுவந்தபோது முகம் மாவில் புரட்டியதுபோல் இருந்தது. வலது கால் பார்க்கும்படியாக இல்லை. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"நீங்க எதுக்கு மாமா இந்தத் தூசியில?"

மகளை அழைத்து, போனை அவர் வாயருகே பிடித்தேன்.

ஆம்புலன்ஸ் போன பிறகு மருமகள் மெதுவாகக் கேட்டாள். "அந்த வரியை என்ன பண்ணட்டும் மாமா? விசாரணைக்கு வருவாங்க."

தம்பி என்னைப் பார்த்தான். அவன் என்ன கேட்காமல் கேட்கிறான் என்று தெரிந்தது.

"தொடாதம்மா. ரெண்டும் எப்படி இருக்கோ அப்படியே பாக்கட்டும்."

அதிகாரி மறுபடி வருவதைப் பார்த்ததும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.