பூக்க விடாத கஷாயம்

மூத்தவளின் ரோஜாத் தோட்டத்தை ஒழித்துக்கட்டுவது என்று தையல்காரி முடிவு செய்தபோது, அதற்கு அவள் எடுத்த ஆயுதம் விஷம் இல்லை, சாப்பாடு. விஷம் வைத்தால் நாளைக்கே தெரிந்துவிடும். வயிறு முட்ட ஊட்டிக் கெடுத்தால் யார் கேட்பார்கள்? நன்றி அல்லவா சொல்வார்கள்!

முன்னால் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இவளை ராட்சசி என்று நினைத்துவிடுவீர்கள். கொஞ்சம் ராட்சசிதான், அது வேறு விஷயம்.

ஒரே வீடு. கீழே அண்ணன் குடும்பம், மாடியில் தம்பி குடும்பம். அண்ணன் மனைவிதான் மூத்தவள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவர் மனைவிதான் நம் தையல்காரி. ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கப் போன அந்த மனிதர், அங்கே வாசலில் நின்ற ரோஜாவில் இரண்டு குச்சியை ஒடித்து ஈரத்துணியில் சுற்றி டூல் பையில் போட்டுக்கொண்டு வந்தார். இதழின் உள்பக்கம் மஞ்சள், வெளிப்பக்கம் செம்பு நிறம். அப்படி ஒரு பூவைத் தையல்காரி எந்த நர்சரியிலும் பார்த்ததில்லை. எந்தக் கட்டடம் என்று அவர் சொன்னதும் இல்லை. வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் அது ஆளுயரம் வளர்ந்தது. பிறகு ஒருநாள் கையில் ஸ்பேனரோடு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. செடி மட்டும் இருந்தது. காலையில் தையல்கடைக்குக் கிளம்பும்போது அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அவள் கிளம்புவாள்.

அந்தச் சந்தில்தான் மூத்தவளுக்குக் கார் நிறுத்த வேண்டியிருந்தது. முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. சிமென்ட் போடும் ஆட்கள் கடப்பாரையோடு வந்து நின்றபோதுதான் தையல்காரிக்கே தெரியும். கையில் இருந்த துணி வெட்டும் கத்தரிக்கோலோடு கீழே ஓடி, கிடைத்த மட்டும் வெட்டிக்கொண்டு வந்தாள். நல்ல குச்சிகள், பென்சில் மாதிரி கெட்டியானவை; அப்படி இருந்தால்தான் வேர் பிடிக்கும். மணலும் மண்ணும் கலந்து டப்பாக்களில் நட்டு, தண்ணீர் பாட்டில்களைப் பாதியாக அறுத்து மேலே கவிழ்த்து, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வரிசையாக வைத்தாள்.

குச்சிகள் லேசாக வேர் பிடிக்கத் தொடங்கியதும் உரக் கஷாயம் கொடுத்தாள். காய்கறித் தோலும் காய்ந்த இலையும் மட்கிக் கறுத்த உரத்தைப் பழைய தலையணை உறையில் கட்டி வாளித் தண்ணீரில் தொங்கவிடுவாள். ஒரு துண்டு வெல்லம் போடுவாள். மீன் தொட்டிக்கு வைக்கும் சின்ன மோட்டாரின் குழாயை உள்ளே விட்டால் குபுகுபுவென்று குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். காற்று ஓடும்வரைதான் கஷாயம் கஷாயம்; நல்லபடியாக ஊறினால் மழை விழுந்த மண்ணின் வாசனை வரும், காற்று நின்றால் சாக்கடை. இளம் குச்சிக்கு அதை அப்படியே ஊற்றக் கூடாது. வெளிறிப்போகும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, கரண்டியால் மெதுவாக ஊற்ற வேண்டும். பிறந்த குழந்தைக்கு யாராவது டிகாக்‌ஷன் கொடுப்பார்களா?

எல்லாம் நன்றாகத்தான் போனது. பாட்டிலுக்குள்ளே சிவப்பாகத் துளிர் வந்தது. தையல்காரி அதைக் காட்டக்கூட யாரையும் கூப்பிடவில்லை, கண் பட்டுவிடும் என்று.

ஒருநாள் பகலில் மின்சாரம் போய் மோட்டார் நின்றுவிட்டது. துணி காயப்போட மாடிக்கு வந்த மூத்தவளுக்கு நாற்றம் பொறுக்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள், பினாயில் பாட்டிலோடு ஏறி வந்தாள், வாளியில் கவிழ்த்தாள், போய்விட்டாள். சாயங்காலம் தையல்காரி வந்தபோது மின்சாரமும் வந்திருந்தது, மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது. வாளி நிறைய வெள்ளை நுரை. ஆகா, இன்றைக்கு நன்றாக நுரைத்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டாள். அன்று அவளுக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது. கரண்டி கரண்டியாக, ஒன்றுகூட விடாமல், அத்தனை குச்சிக்கும் தன் கையாலேயே ஊற்றினாள்.

துளிர்கள் கறுத்துச் சுருண்டன. ஒன்றுகூடத் தேறவில்லை.

சளி விட்டு, வாளியில் பினாயில் வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. கீழே போய்க் கேட்டபோது மூத்தவள் கூச்சப்படவே இல்லை.

“நாத்தம் குடலப் புடுங்குச்சும்மா. கொஞ்சம் பினாயில் ஊத்தினேன், இல்லேங்கல. ஆனா வாளியிலதான் ஊத்தினேன். செடிக்கு ஊத்தினது நீதானே? செடிதானே, போனாப் போகுது விடு.”

அதோடு விட்டாளா? வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னாள். பொத்திப் பொத்தி வளர்த்து, கடைசியில் தன் கையாலேயே கொன்றாளாம். கேட்டவர்கள் சிரித்தார்கள். தையல்காரிக்கு அதுதான் பொறுக்கவில்லை, ஏனென்றால் அதில் பொய் எதுவும் இல்லை. இருடி, உன் தோட்டத்தை நான் ஒரு கை பார்க்கிறேன் என்று அன்றைக்கே மனத்துக்குள் கறுவிக்கொண்டாள்.

வாய்ப்பு தானாகவே படியேறி வந்தது. தோட்டங்களைப் படம் பிடித்துப் போடும் ஒரு யூடியூப் சேனல்காரர்கள் மூத்தவளின் முன்வாசல் ரோஜாக்களை எடுக்கச் சம்மதித்திருந்தார்கள். செடிகள் அடுத்த முறை பூக்கும்போது வருவதாக ஏற்பாடு. மூத்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. புடவை எடுத்தாயிற்று, பேசப் போவதைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தாயிற்று. தேன் ஒழுகப் பேசிக்கொண்டு மாடிக்கு வந்து, உன் கஷாயத்தை என் செடிகளுக்கும் ஊற்றம்மா, உன் கைராசி யாருக்கு வரும் என்றாள். எந்தக் கஷாயம்? குடலைப் புடுங்கிய அதே கஷாயம்.

“அதுக்கென்னக்கா, ஊத்தறேன்” என்றாள் தையல்காரி, சிரித்த முகமாக.

மறுநாள் முதல் அவள் சமையல் வேறு. வாழைப்பழத் தோலை ஒதுக்கினாள், சாம்பலை ஒதுக்கினாள். பூவுக்கு உதவும் எதையும் வாளிப் பக்கம் அண்ட விடவில்லை. கோழி எருவும் பூங்காவில் வெட்டிப் போட்ட பச்சைப் புல்லும் மட்டும்தான். எல்லாம் தழைச்சத்து. செடிக்கு அதை மட்டும் அள்ளிக் கொடுத்தால் இலையாகப் போட்டுத் தள்ளும், பூக்கிற நினைப்பே வராது. உட்கார்ந்த இடத்தில் மூன்று வேளையும் விருந்து வந்தால் எவன் வேலைக்குப் போவான்?

முன்வாசலில் மீட்டர் பெட்டியை ஒட்டின மூலையில் புதிதாக ஒரு செடி இருந்தது. அடிவரை வெட்டிக் கொண்டுவந்து நட்டது, அப்போதுதான் துளிர்த்துக்கொண்டிருந்தது. மூத்தவள் அதைக் காட்டி, “இதுக்கு மட்டும் ரெண்டு பங்கா ஊத்தும்மா. ஏன்னு கேக்காத” என்றாள்.

தையல்காரி கேட்கவில்லை. செல்லச் செடியா, வா, உனக்கு மூன்று பங்கு என்று ஊற்றினாள்.

செடிகள் திமிர்த்துக்கொண்டு எழுந்தன. உள்ளங்கை அகலத்துக்கு இலை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மூத்தவள் வாயெல்லாம் பல்லாக, எல்லாம் என் சின்னவள் கைவண்ணம் என்று பெருமையடித்தாள். தையல்காரி தையல் மிஷினில் கால் வைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள், மிஷின் கொஞ்சம் வேகமாகவே ஓடும். மொட்டு இன்னும் வரவில்லையே என்று மூத்தவள் லேசாக முகம் வாடியபோது, இவ்வளவு இலை போட்டிருக்கிற செடி பூக்காமல் போகுமா அக்கா என்று ஆறுதலும் சொன்னாள். ஆறுதல் சொல்லிவிட்டு இன்னொரு வாளி ஊற்றினாள்.

படம் எடுக்கிற நாளும் வந்தது. மருந்துக்குக்கூட ஒரு பூ இல்லை. மூத்தவள் சும்மா இருப்பாளா? விடியற்காலையிலேயே கணவரைப் பூக்கடைக்கு விரட்டி, வந்த ரோஜாக்களைத் தையல் நூலால் கிளை கிளையாகக் கட்ட வைத்தாள். அந்த நூல்கண்டை மாடியிலிருந்து கொடுத்தனுப்பியது யார் என்று நினைக்கிறீர்கள்? பளிச்சென்ற வெள்ளை நூலாகப் பார்த்துத்தான் கொடுத்தாள். மூத்தவள் கேமரா முன்னால் நின்று, எல்லாம் இந்தக் கையால் வளர்த்தது என்று ஒரு பூவைத் தொட்டாள். அது நூலோடு கழன்று, தலைகீழாகத் தொங்கியது. கேமராக்காரன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. படத்தைப் பார்த்தவர்களும் அடக்கவில்லை. கட்டின பூவுக்கு என்ன உரம் போடுகிறீர்கள் அம்மா என்று எவனோ கீழே எழுதியிருந்தான். சொந்தக்காரர்கள் அதையே வாயில் போட்டு மென்றார்கள்.

தையல்காரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த வீடியோவை அவள் எத்தனை முறை பார்த்தாள் என்று கேட்காதீர்கள்.

அந்த வார இறுதியில் மூத்தவள் ஆட்களை வரவழைத்தாள். ஒரு செடி மிச்சம் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுங்கள் என்று கத்தினாள். தையல்காரி டீத் தம்ளரோடு மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, அதே மாதிரி ஒரு கடப்பாரை அதே மாதிரி இறங்குவதைப் பொறுமையாகப் பார்த்தாள். வேர்க்கட்டைகளைச் சாக்கில் அடைத்துக் குப்பை வண்டியில் ஏற்றினார்கள். கழித்த கிளைகள் வாசலில் வெயிலில் கிடந்தன. இரண்டாவது தம்ளர் டீயையும் போட்டுக் குடித்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள்.

மதியத்துக்கு மேல் மூத்தவள் படியேறி வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. துணிக் குவியலை ஒதுக்கிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

“அந்த மூலைச் செடியாவது பூக்கும்னு இருந்தேன்மா.”

“எதுதான் பூத்துச்சு?” என்றாள் தையல்காரி, ஊசியில் நூல் கோத்தபடி.

“அது கொழுந்தனாரோட செடி.”

நூல் ஊசிக்காதைத் தாண்டி எங்கேயோ போனது.

மூத்தவள் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சொன்னாள். கொழுந்தனார் அந்த நாளில் கொண்டுவந்த குச்சிகளில் ஒன்றை மூத்தவளின் அண்ணனுக்குக் கொடுத்திருக்கிறார். அது அங்கே பெரிதாக வளர்ந்திருந்தது. அந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்றதும், பினாயில் விவகாரம் அவள் மனத்தை அரித்திருக்கிறது. போய் அதை வேரோடு தோண்டி, அடிவரை வெட்டிக் கொண்டுவந்து மூலையில் வைத்திருக்கிறாள்.

“மன்னிச்சுக்கன்னு வாயால சொல்ல எனக்கு வராதும்மா. பூ வரட்டும், கேமரா முன்னாடியே உன்னக் கூப்பிட்டுக் கையில குடுத்துடலாம்னு பாத்தேன். நாலு பேரு பாத்தா நல்லா இருக்கும்ல. அது பூக்கவே இல்ல. அண்ணன் வேற எதையோ என் தலையில கட்டிட்டான்னு நெனச்சு, அதையும் புடுங்கச் சொல்லிட்டேன்.”

“அண்ணன் வீட்டுல?”

“இடிச்சுத் தள்ளியாச்சு.”

அவள் கணவர் கொண்டுவந்த செடிக்குச் சின்ன இலை. அது அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். தினமும் முன்னால் நின்று ஊற்றியும் அந்தச் செடியை அடையாளம் தெரியாமல் போனதற்கு, அவள் ஊட்டி ஊட்டிப் பெருக்க வைத்த இலைதான் காரணம். அதற்கு மட்டும் மூன்று பங்கு!

தையல்காரி படிகளில் இறங்கி ஓடினாள். வாசல் குவியலில் மண்டியிட்டுக் கிளை கிளையாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே கொழுப்பு, ஒரே பச்சை. ஒரு பூ இருந்தால் தெரியும். பூதான் எதிலும் இல்லையே. பின்னாலேயே வந்த மூத்தவளும் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து தேடினாள். இருவர் கையையும் முள் கிழித்தது. மூத்தவளின் விரலில் ரத்தத்தைப் பார்த்தபோதும் தையல்காரிக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. ஆறாத கோபம் அப்படியே இருந்தது. இப்போது அது தன்மேலும் பாய்ந்ததுதான் வித்தியாசம். கேமரா முன்னால் கொடுக்கப் பார்த்தாளே பாவி, ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் என்ன என்று பல்லைக் கடித்தாள். எது அவருடையது என்று தெரியாமல், வாடாத குச்சிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

டப்பாக்களில் நட்டு, அறுத்த பாட்டில்களைக் கவிழ்த்தாள். கடைசிக் குச்சியை நட்டு முடிப்பதற்குள் மூத்தவள் மாடி மூலையில் இருந்த கஷாய வாளியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். இந்தமுறை அவள் மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை.

“உன் கஷாயத்த ரெண்டு கரண்டி ஊத்தும்மா. நீ ஊத்தினா பொழச்சுக்கும்.”

தையல்காரி வாளியை வாங்கி, மொட்டைமாடித் தண்ணீர் போகும் துளையில் கவிழ்த்தாள்.

“வேண்டாங்க்கா. பச்சத் தண்ணி போதும்.”

மூத்தவள் ஏன் என்று கேட்கவில்லை. தண்ணீர் பிடிக்கக் குழாய்ப் பக்கம் போனாள். தையல்காரி ஒரு பாட்டிலைத் தூக்கி உள்ளே இருந்த குச்சியை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். தின்று கொழுத்த குச்சி. கீரைத்தண்டு மாதிரி, விரல் வைத்த இடத்தில் அமுங்கியது.