கனகசூரியத்தின் இடுப்பில் கடல்

கனகசூரியத்தின் இடுப்பில் கடல் குடியிருந்தது. அவரே சொன்னதுதான். பனிச்சங்கேணியில் சுனாமி அவருடைய வீட்டைக் கொண்டுபோன அன்று, அலையில் ஒரு முழம் வழிதவறி இடுப்புக்குள் புகுந்துவிட்டதாம். முழுநிலவுப் பறுவத்துக்குப் பொங்குமாம். போன கிழமை உள்ளே ஒரு மீன்கூடத் துள்ளியதாம். சித்தாண்டி அரிசி மில்லில் மூட்டை சுமப்பவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

சிரித்தால் இடுப்பு வெட்டி இழுத்தது.

நாட்டில் சண்டை முடிந்து, தரிசாய்க் கிடந்த வயல் வட்டைகளிலெல்லாம் நெல் விளைந்திருந்தது. லொறி லொறியாக மூட்டை வந்தது. இடுப்புப் போனவரை முதலாளி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எந்த வீட்டுக்கு? மகள் உசாந்திக்குக் கொடுக்கவேண்டிய வீடு சுவரோடு நின்றது. பெண்ணுக்கு வீடில்லாமல் அந்தப் பக்கத்தில் கல்யாணம் ஏது? கூரை ஏறும்வரை வலியை அந்தக் கடல்தான் மறைக்கவேண்டும்.

மில்லில் ஒரு வழக்கம். இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி முதுகில் வைப்பார்கள். சுமப்பவர் பாரத்தை வாங்கிக்கொண்டு "விடு" என்பார். அந்தச் சொல் வராமல் யாரும் கையெடுப்பதில்லை.

அன்று முஹம்மட்டும் துசாந்தனும் மூட்டையை வைத்தார்கள். சொல் வரவில்லை.

"என்ன கனகண்ணே, கடல் பொங்கிட்டோ?" துசாந்தன் சிரித்தான்.

முஹம்மட் சிரிக்கவில்லை. பாரம் முழுதும் இன்னும் தங்கள் கையில்தான் இருந்தது. குனிந்து பார்த்தான். கனகசூரியத்தின் கண்கள் நிறைந்திருந்தன.

"இறக்கு, இறக்கு," என்றான் துசாந்தனிடம்.

இறக்கும்போதே முதலாளி வந்துவிட்டார். "என்ன, மூட்டை கீழ கிடக்கு? இவருக்கு ஏலாதோ?"

முஹம்மட் பொய் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"சாக்குத் தையல் சரியில்ல முதலாளி. தைக்கிறவனும் காய்ச்சல்ல கிடக்கான். கனகண்ணன் முந்திக் கடலுக்குப் போய், கிழிஞ்ச வலை பொத்தின ஆள். அவர் தைச்ச மூட்டையப் பிரிக்கேலாம கிரான் ஊர்ல ஒரு யானை பட்டினியாத் திரும்பிப் போச்சு."

முதலாளி கனகசூரியத்தைப் பார்த்தார்.

"கொம்பன் யானை," என்றார் கனகசூரியம், முகத்தில் ஒன்றுமில்லாமல். "போகக்குள்ள அழுதது."

முதலாளி நம்பினாரோ என்னவோ. "சரி, இருந்து தையும்," என்றுவிட்டுப் போனார்.

சாக்கு தைக்கிறவருக்குக் கூலி குறைவு. கூரை ஏறச் சுணங்கும். ஆனால் ஏறும்.

பின்னேரம் அவரால் எழும்ப முடியவில்லை. இருவரும் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். துசாந்தன் இப்போது சிரிக்கவில்லை. கையெடுக்காமல் காத்து நின்றார்கள். கனகசூரியம் கண்ணை மூடி, ஒரு காலை ஊன்றி, மற்றக் காலையும் ஊன்றினார்.

"விடு," என்றார்.